இன்ஸ்பெக்‌ஷன் ஏகாம்பரமும் என் வேட்டி முடிச்சும்

செய்தி வந்தபோது நான் அயனம்பாக்கம் ஏரிக்கரையில் நடந்துகொண்டிருந்தேன். என் நடை ஊருக்கே தெரியும். மற்றவர்கள் ஒரு முறை போய்த் திரும்புவதற்குள் நான் மூன்று முறை போய்த் திரும்பி, டீயும் குடித்து, நாலு பேருக்கு அரசியலும் சொல்லி முடித்திருப்பேன். பூந்தமல்லியிலிருந்து காதர் பாய் போன் செய்தார். எங்கள் கம்பெனியில் டூல் அரைக்கும் வேலையில் இருந்தவர். எனக்கும் செத்துப்போனவனுக்கும் பொதுவாக இருந்த ஒரே மனிதர்.

“மாமே, நடந்துகினு கீறியா? எங்கனா உக்காரு.”

“எதுக்கு பாய்?”

“இன்ஸ்பெக்‌ஷன் பூட்டாரு. விடியக்காலைல மாரு வலிக்குதுன்னு எழுந்து உக்காந்தாராம். அவ்ளோதான்.”

நான் உட்காரவில்லை. “மேல போய் எமன் கயித்தை அளந்து பாத்து, சைஸ் சரியில்லன்னு திருப்பி அனுப்பாம இருந்தா சரி” என்றேன். காதர் பாய் சிரிக்கவில்லை. போனையும் வைக்கவில்லை. 

பதினாறாம் நாள் காரியத்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க ஒரு சின்னப் புத்தகம் அச்சடிக்கிறார்கள். பழைய தொழிலாளர்கள் சார்பில் நான்தான் எழுத வேண்டும் என்று எல்லோரும் ஒரே குரலாகச் சொன்னார்கள். வேறு யாரைச் சொல்வார்கள்? நான் ஒன்பதாவது அரைப் பரீட்சையோடு நின்றவன்தான். ஆனால் ஆயுத பூஜைக்கு நான் மைக்கைப் பிடித்தால் பக்கத்துக் கம்பெனி மிஷின்கூட நின்று கேட்கும். “நல்லதா நாலு வார்த்தை எழுது அண்ணாத்தே” என்றார்கள். நல்லது மட்டும்தான் வேண்டும் என்றால் வெள்ளைத் தாளாகத்தான் கொடுக்க முடியும். “அவர்” என்று மரியாதையாக எழுதவும் சொன்னார்கள். முப்பது வருஷம் அவனை அவன் என்றே திட்டியாகிவிட்டது. இப்போது அவர் என்று மாற்றினால் யாரோ தெரியாத ஆளைப் பற்றி எழுதுகிற மாதிரி இருக்கும். அவனோடு வேலை பார்த்த உங்களுக்கு நான் சொல்வது புரியும்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் லேத் ஷாப்பில் நான் டர்னர். சும்மா டர்னர் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவியே அளவு சொல்வேன். ஜப்பானிலிருந்து வந்த ஒரு இன்ஜினியர் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, உள்ளே ஏதாவது கருவி வைத்திருக்கிறாயா என்று கேட்டான். ஏகாம்பரம் அந்த ஷாப்பின் இன்ஸ்பெக்டர். நாங்கள் கடைகிற ஒவ்வொரு பீஸையும் அளந்து பார்ப்பது அவன் வேலை. சரியாக இருந்தால் அனுப்புவான். இல்லாவிட்டால் சிவப்பு பெயிண்டைத் தடவி ரிஜெக்ட் பெட்டியில் வீசுவான். வைக்க மாட்டான், வீசுவான். அந்த ‘டங்’ சத்தம் ஷாப் முழுக்கக் கேட்க வேண்டும் அவனுக்கு.

அவன் வழக்கமே தனி. மற்ற இன்ஸ்பெக்டர்கள் பீஸை மேஜையில் வைத்து அளந்து பார்த்துவிட்டு விட்டுவிடுவார்கள். இவன் ஒரு பழைய மிஷினைப் பக்கத்திலேயே நிறுத்தி வைத்திருந்தான். அளந்த பிறகு பீஸை அதில் மாட்டுவான். சுற்றுவான், ஆட்டுவான், இழுப்பான். ஒரு நாள் நான் கடைந்த நாற்பது புஷ்ஷும், அச்சில் மாட்டுகிற வளையங்கள், மேஜையில் அளவு சுத்தம். மிஷினில் மாட்டினால் இறுக்கம். நாற்பதுக்கும் சிவப்பு. நாற்பது ‘டங்’.

“யோவ், கேஜ்ல சரியா கீது இல்ல? அப்பால இன்னா?” என்று கத்தினேன்.

“மேஜை மேல படுத்துகினு கீற வரைக்கும் எல்லாமே நல்ல பீஸுதான், நைனா. மாட்டிப் பாத்தாதான் யோக்கியதை தெரியும்” என்றான்.

நான் சும்மா விடுவேனா? பெயிண்ட் டப்பாவைத் தூக்கி அவன் தலையில் கவிழ்த்தேன். தூக்கினது மட்டும்தான் என்று காதர் பாய் சொல்வார். அவர் நின்ற இடத்திலிருந்து சரியாகத் தெரிந்திருக்காது.

அன்று தொடங்கிய பகை. அவன் வைத்த டீயை நான் குடித்ததில்லை, நான் வாங்கின வடையை அவன் தின்றதில்லை. ஷிஃப்ட் முடிந்து நான் காக்கி பேண்ட்டை அவிழ்த்து லுங்கி கட்டிக்கொண்டு கிளம்பும்போது, இன்ஸ்பெக்‌ஷன் மேஜைக்குப் பின்னாலிருந்து ஏதோ ரிஜெக்ட் ஆக வேண்டிய பீஸைப் பார்க்கிற மாதிரியே பார்ப்பான். நானும் வேண்டுமென்றே அவன் எதிரில் நின்றுதான் லுங்கியை உதறிக் கட்டுவேன். இந்தச் சில்லறை விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேலை இருக்கிறது.

பிறகு அவனுக்கு வயிறு கெட்டது. பெருங்குடல் முழுக்கப் புண். ரத்தமும் சளியுமாகப் போகும். ஒரு ஷிஃப்டில் பத்து தடவை கக்கூஸுக்கு ஓடுவான். நாங்கள் விரல் விட்டு எண்ணுவோம். எண்ணினது நான்தான் என்று ஒத்துக்கொள்கிறேன். திடீரென்று ஒரு நாள் வரவில்லை. நாலு மாதம் கழித்துப் பாதி ஆளாக வந்தான். ஏதோ ஒரு ஆஸ்பத்திரியில் அவசரமாக வயிற்றைத் திறந்து, பெருங்குடலை மொத்தமாக எடுத்துவிட்டார்கள். சிறுகுடலின் நுனியை வயிற்றுக்கு வெளியே கொண்டுவந்து, ஒரு வாய் மாதிரி தைத்து, அதன் மேல் ஒரு பையை ஒட்டியிருந்தார்கள். இனி ஆயுசு முழுக்க எல்லாம் அந்தப் பையில்தான் விழும். இரண்டு சைஸ் பெரிய பேண்ட், அதைத் தாங்கத் தோளில் வார், மேலே தொளதொளவென்று சட்டை. அதுதான் அன்றிலிருந்து அவன் வேஷம்.

“அவன் குடலுக்கே சிவப்பு பெயிண்ட் அடிச்சு பெட்டில போட்டாங்கடா” என்று ஷாப்பில் சொன்னது நான். நல்ல சிரிப்பு. அது அவன் காதுக்கும் போயிற்று. மறுநாள் என் பீஸைக் கையில் எடுத்து, “குடல் இல்லாமலே உன்னைக் கண்டுபுடிக்கிறேன். அதுவும் இருந்திருந்தா நீ வேலைல இருந்திருப்பியா?” என்று கேட்டுவிட்டு வீசினான். டங்.

அவன் மகள் கலைவாணியின் கல்யாணம் திருநின்றவூரில் நடந்தது. கம்பெனியே போனது. எதிரி வீட்டுச் சாப்பாடு என்றாலும் சாப்பாடு சாப்பாடுதானே, நானும் போனேன். முகூர்த்த நேரம். பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுக்கத் தகப்பனைக் கூப்பிட்டார்கள். இவன் பேண்ட்டில் வந்து நிற்கிறான். பட்டுப் புடவையில் மனைவி பக்கத்தில், இவன் அதே தோள் வார், அதே தொளதொளச் சட்டை. ஐயர் தயங்கினார். பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். “வேட்டி கட்டிக்கினு வாப்பா, எவ்ளோ நேரம் ஆவப்போவுது?” என்றார் சம்பந்தி. இவன் தோள் வாரைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றான்.

நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். என் வாய் எனக்கு முன்னால் எழுந்து நின்றது.

“இன்னா இன்ஸ்பெக்டரே, வேட்டி ரிஜெக்ட் ஆயிட்ச்சா?”

மண்டபமே சிரித்தது. ஆயிரம் பேர் இருக்கும். சரி, முந்நூறு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் ஐயர் சொன்னபடி அவனுடைய அண்ணன் வேட்டியோடு மணையில் ஏறி, தகப்பன் இடத்தில் நின்று, தண்ணீர் வார்த்து, கலைவாணியைக் கொடுத்தார். பெற்றவன் பின்னால் தூண் ஓரமாக நின்று பார்த்தான். பார்த்துவிட்டு, மெதுவாகத் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தான். திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன். அவன் சும்மா பார்த்தான். அன்று பாயசம் இரண்டு கிளாஸ் குடித்தேன் என்று ஊரெல்லாம் சொன்னேன். உண்மையில் இலையில் உட்காரவே இல்லை.

எல்லோருக்கும் ஒரு நாள் வரும் என்பார்கள். எனக்கு ரிட்டயர் ஆன மறு வருஷம் வந்தது. ரத்தம். முதலில் மூலம் என்று சொல்லிச் சமாளித்தேன். துத்திக் கீரை, மாதுளம் ஓடு, கருணைக்கிழங்கு என்று நானே வைத்தியம் பார்த்தேன். என் வைத்தியத்தில் ஆவடியில் மட்டும் நூறு பேர் குணமாகியிருக்கிறார்கள், என்னைத் தவிர. ஒரு கட்டத்தில் ஒரு நாளைக்கு இருபது தடவை. அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லி வரை எந்தப் பெட்ரோல் பங்கில் கக்கூஸ் திறந்திருக்கும், எந்த ஓட்டலில் முறைக்க மாட்டார்கள் என்று எனக்கு அத்துப்படி. பஸ் ஏறுவதையே விட்டேன். சரோஜா, என் வீட்டுக்காரி, கெஞ்சிப் பார்த்து, கத்திப் பார்த்து, கடைசியில் ஆட்டோவில் தள்ளி ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள்.

டாக்டரம்மா குழாய் விட்டுப் பார்த்தார். அவனுக்கு வந்த அதே வியாதி. மாத்திரை, ஊசி எல்லாம் கொடுத்துப் பார்த்தார். ஒன்றும் நிற்கவில்லை. “பெருங்குடலை எடுத்தே ஆகணும். தள்ளிப்போட்டா உள்ளேயே கிழிஞ்சிடும்” என்றார்.

“தை மாசம் என் பொண்ணுக்குக் கல்யாணம் வெச்சிருக்கேன். முடிச்சிட்டு வரேன்” என்றேன்.

“அந்தக் கல்யாணத்துக்கு நீங்க இருக்கணுமா, வேண்டாமா?”

வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டேன். கத்திக்குப் பயப்படுகிறவன் இல்லை நான். லேத்தில் சிக்கி விரல் நுனி போனபோது, துணியைச் சுற்றிக்கொண்டு ஷிஃப்டை முடித்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரி போனேன். ஆனால் இதற்கு மாட்டேன் என்றேன். ஏன் என்று சரோஜா கேட்டாள், மகள் தேன்மொழி கேட்டாள். சொல்லவில்லை. சரோஜா காதர் பாயிடம் அழுதிருக்கிறாள். காதர் பாய் நேராகத் திருநின்றவூருக்கு ரயில் ஏறியிருக்கிறார். அந்தத் துரோகத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

மறுநாள் பத்து மணிக்கு என் வீட்டு வாசலில் ஏகாம்பரம். தோளில் வார், கையில் மஞ்சப் பை. என்ன ஏது என்று கேட்கவில்லை. கட்டில் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

“எதுக்கு வந்தே? பொணத்தை அளக்கவா?” என்றேன்.

“அதுக்கு இன்னும் நாலு நாள் கீது போல. மூஞ்சைப் பாத்தா தெரியுது. ஏண்டா ஆப்ரேசன் வாணாங்குற?”

“என் ஒடம்பு, என் இஷ்டம்.”

“த பாரு தணிகாசலம். நீ கத்திக்குப் பயப்படல. பைக்கும் பயப்படல. என் பேண்ட்டுக்குப் பயப்படுற.”

சரோஜா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். முப்பது வருஷத்தில் என்னை அவ்வளவு சரியாக யாரும் அளந்ததில்லை. தை மாதம் மண்டபத்தில் நான் பேண்ட்டோடு நிற்பேன், யாரோ ஒருவன் மூன்றாவது வரிசையில் இருந்து எழுந்திருப்பான், என் அண்ணன் தேன்மொழியைத் தாரை வார்ப்பான். கண்ணை மூடினால் அதுதான் வந்துகொண்டிருந்தது. அதற்குச் சாவதே மேல் என்று நினைத்திருந்தேன்.

அவன் எழுந்து நின்று சட்டையைத் தூக்கினான். அதுவரை நான் பார்த்ததில்லை. வலது பக்கம், சரியாக வேட்டி கட்டும் இடத்தில், வயிறு மடிகிற மடிப்புக்குள் அந்தக் குடல் வாய். பையின் ஓரமெல்லாம் கசிந்து, சுற்றிலும் தோல் வெந்து கிடந்தது.

“என்னைப் படுக்க வெச்சே இடம் குறிச்சாங்க, அவசரத்துல. படுத்துகினு கீறப்ப வயிறு தட்டு மாதிரி கீது. எழுந்து உக்காந்தா மடிப்பு வுழுது. மேல எத்தைக் கட்டினாலும் பை பேத்துகினு வந்துடும். இன்னொரு தபா அறுத்துக்க எனக்குத் தெம்பில்ல.” சட்டையை இறக்கினான். “ஊரான் பீஸை எல்லாம் மாட்டிப் பாத்தேன். என் வயித்தை மட்டும் மேஜைலயே பாஸ் பண்ணிட்டேன்.”

நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“உனுக்கு அப்டி ஆவ வுட மாட்டேன். உன் மேல பாசமெல்லாம் இல்ல. தப்பான பீஸ் வெளிய போவக் கூடாது, அவ்ளோதான். கெளம்பு.”

ஆபரேஷனுக்கு முதல் நாள் மத்தியானம், குடல் வாய் வைக்கப்போகிற இடத்தைக் குறிக்க நர்ஸ் பேனாவோடு வந்தாள். அது நல்ல ஆஸ்பத்திரி. நிற்க வைத்தும் உட்கார வைத்தும்தான் பார்த்தாள். ஆஸ்பத்திரி பைஜாமாவின் நாடாவைக் கணக்கு வைத்து ஒரு புள்ளி வைத்தாள். மூலையில் உட்கார்ந்திருந்த ஏகாம்பரம் எழுந்தான்.

“ரிஜெக்ட்.”

“சார், நீங்க யாரு?”

“இன்ஸ்பெக்‌ஷன்மா. இவன் ஜென்மத்துல நாடா கட்டினதில்ல. லுங்கிக்காரன்.” மஞ்சப் பையிலிருந்து ஒரு லுங்கியும் ஒரு எட்டு முழ வேட்டியும் எடுத்தான். “டேய், கட்டு.”

அந்த நர்ஸ் பொண்ணுக்குப் பொறுமை அதிகம். டாக்டரம்மாவையும் கூட்டிவந்தாள். டாக்டரம்மா, “எங்க கட்டுவீங்க? வழக்கமா கட்டுற இடத்தைச் சரியா காட்டுங்க” என்று கேட்டார். இரண்டு பெண்கள் எதிரில் நிற்கிறார்கள், மூன்றாவதாக என் வீட்டுக்காரி வேறு. தொப்பைக்குக் கீழே கட்டுகிறேன் என்று எப்படிச் சொல்வது? எனக்குத் தொப்பையே கிடையாது என்றுதான் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். மூச்சை உள்ளே இழுத்து, தொப்புளுக்கு மேலே, மிராசுதார் மாதிரிக் கட்டிக் காட்டினேன்.

“எப்பவும் இப்டிதாம்மா. என் ஒடம்பு அப்டியே நிக்கும்” என்றேன்.

“பொய்” என்றான் ஏகாம்பரம். “டெய்லி சாயந்தரம் என் மேஜைக்கு எதிர்ல நின்னு கட்டுவான். முப்பது வருசமா பாக்குறேன். தொப்புளுக்கு ரெண்டு விரல் கீழ. முடிச்சு வலது பக்கம். நடந்தா இன்னும் ஒரு விரல் எறங்கும். மூச்சை வுடுடா.”

விட்டேன். எல்லாம் இறங்கியது. சரோஜா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

யோசித்துப் பாருங்கள். அன்று என் பெருமைப் பேச்சைக் கேட்டு இடம் குறித்திருந்தால், ஆயுசு முழுக்க நானும் பேண்ட்தான். கட்டின மனைவிக்குக்கூடத் தெரியாது நான் எத்தனை விரல் கீழே கட்டுகிறேன் என்று. பகையாளிக்குத் தெரிந்திருந்தது. அவ்வளவு உன்னிப்பாக வேறு யார் நம்மைப் பார்க்கிறார்கள்?

பிறகு அரை மணி நேரம் என்னை மிஷினில் மாட்டின புஷ் மாதிரி ஆட்டினான். உட்கார், சம்மணம் போடு, குந்து, லேத் மேல் குனிகிற மாதிரி குனி, மணையில் உட்கார்ந்து சொம்பைச் சாய்க்கிற மாதிரி முன்னால் வா. ஒவ்வொன்றுக்கும் டாக்டரம்மா மடிப்பு எங்கே விழுகிறது என்று தொட்டுப் பார்த்தார். கடைசியில் வலது பக்கம், முடிச்சுக் கோட்டுக்கு நாலு விரல் மேலே, மடிப்பே விழாத ஒரு இடத்தில் புள்ளி வைத்தார். “இங்க வரலாம். ஆனா முடிச்சை இடது பக்கம் மாத்திக்கணும்” என்றார்.

“மாத்துவான்” என்றான் அவன், என்னைக் கேட்காமலே.

ஆபரேஷன் ஒன்பது மணி நேரம் நடந்தது. சரோஜா நாலு மணி நேரம் என்பாள். அவள் பயத்தில் கடிகாரத்தைச் சரியாகப் பார்த்திருக்க மாட்டாள். இவ்வளவு நீளமான குடலை நான் பார்த்ததே இல்லை என்று டாக்டரம்மா சொன்னதாக நான் சொல்லி வருகிறேன், அவரும் இதுவரை மறுக்கவில்லை. முதல் ஒரு மாதம் நரகம். பை நிரம்பும், பிய்யும், அழுவேன். அழுதேன் என்று எழுத வெட்கமில்லை. ஏகாம்பரம் வாரம் ஒரு முறை வந்து பையைச் சரிபார்த்து, “ரெண்டு மில்லி தள்ளி ஒட்டிகீற, தண்டம்” என்று திட்டிவிட்டுப் போவான். இடது பக்க முடிச்சைச் சொல்லிக்கொடுத்தது காதர் பாய். அவர்கள் ஆட்கள் இடது பக்கம் கட்டுவது வழக்கம். “இவ்ளோ வருசம் கழிச்சு நம்ம பக்கம் வந்துட்ட மாமே” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். எனக்கு அது பழக மூன்று மாதம் ஆயிற்று.

தை மாதம் தேன்மொழி கல்யாணம். முகப்பேரில் மண்டபம். பட்டு வேட்டி, இடது பக்கம் முடிச்சு. மணையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன், எழுந்தேன், குனிந்தேன், சொம்பைச் சாய்த்து என் பெண்ணை என் கையால் கொடுத்தேன். ஒரு சொட்டுக் கசியவில்லை, என் கண்ணைத் தவிர.

நிமிர்ந்தபோது மூன்றாவது வரிசையில் அவன். தோள் வார், தொளதொளச் சட்டை. இறங்கி அவனிடம் போனேன். நெஞ்சு நிறைய ஒரு பேச்சு வைத்திருந்தேன், ஆயுத பூஜைப் பேச்சை விடப் பெரியது.

“ஏகாம்பரம், அன்னிக்கு உன் பொண்ணு கல்யாணத்துல நான்…”

“பழைய லாட்டை இப்ப பிரிக்காத” என்றான். “அது டெஸ்பாட்ச் ஆயிட்ச்சு. முடிச்சு தளர்ந்துகீது பாரு, சரியா கட்டு.”

அவ்வளவுதான். அந்த ஆளுக்கு மன்னிப்புக் கேட்கக்கூட விடத் தெரியாது. அங்கேயே நின்று மனசுக்குள் அவன் ஏழு தலைமுறையையும் திட்டினேன். முடிச்சையும் இறுக்கினேன்.

காதர் பாய் போன் செய்த அன்று காலை திருநின்றவூருக்குப் போனேன். அவன் மனைவி போய் மூன்று வருஷம் ஆகிறது. கலைவாணிதான் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். குளிப்பாட்ட வேண்டும். ஆண்கள் நாலைந்து பேர் தண்ணீரோடு நின்றார்கள், யாரும் கிட்டே போகவில்லை. வயிற்றில் பை இருக்கிறதே. கலைவாணி என்னிடம் வந்தாள்.

“பெரியப்பா, அந்தப் பையை இன்னா பண்றதுன்னு யாருக்கும் தெரியல…”

“எல்லாரும் வெளிய போங்க” என்றேன்.

பை மாற்றுவதில் தமிழ்நாட்டிலேயே என் வேகத்துக்கு ஆள் கிடையாது. அன்று மட்டும் அவசரப்படவில்லை. வெந்நீர் வைத்துத் துடைத்தேன். வெந்த தோலைத் தொட்டபோது, வலிக்குமே என்று கை நின்றது. புதுப் பை ஒட்டினேன், ஒரு மில்லி தள்ளாமல். அப்புறம் கலைவாணி வைத்திருந்த புது வேட்டியை எடுத்து, அவன் இடுப்பில், அந்த வாய்க்கு மேலாகவே, ஊரில் எல்லோரும் கட்டுகிற இடத்தில் கட்டினேன்.

நின்றது. ஒரு இடத்தில்கூடப் பிதுங்கவில்லை, கசியவில்லை. இத்தனை வருஷம் கழித்து ஏகாம்பரம் வேட்டியில் இருந்தான். மேஜை மேல் படுத்திருக்கிற வரைக்கும் எல்லாமே நல்ல பீஸ்தான் என்று சொன்னவன். இனி எழுந்து உட்கார வேண்டிய வேலை அவனுக்கு இல்லை.

வெளியே வந்து கலைவாணியிடம், “போய் உங்கப்பனைப் பாரும்மா, வேட்டி கட்டிகினு கீறான்” என்றேன்.  

அவனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை கேட்டீர்கள். எனக்கு இன்னும் கிடைக்கவில்லை. நாற்பது புஷ்ஷையும் நான் மறக்கவில்லை. அவன் என்னிடம் விட்டுப் போனது நாலு விரல் இடம், வயிற்றுக்கும் முடிச்சுக்கும் நடுவில். தினமும் காலையில் லுங்கியைக் கட்டினதும் உட்கார்ந்து பார்க்கிறேன், குந்திப் பார்க்கிறேன், லேத் மேல் குனிகிற மாதிரி குனிந்து பார்க்கிறேன். சரியாக நிற்கிறது. நிற்கிறது என்று தெரிந்த பிறகுதான் அவனைத் திட்ட ஆரம்பிக்கிறேன்.